பழுப்பு என்பது ஒரு நோயின் பெயரன்று

கடந்த ஓராண்டில் நண்பர்கள் பலர் தம் வீட்டு வாயிலிலோ மாடியிலோ வைத்திருக்கும் மோர்பங்கிச் செடியின் படத்தை அனுப்பி, “பழுப்பேறிக்கொண்டே வருகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?” என்று கேட்டிருக்கிறார்கள். தாவர நோயியலில் ஆய்வு செய்பவள் என்பதால் என்னிடம் கேட்பது இயல்பே. ஆனால் ஒரு படத்தை மட்டும் பார்த்து மருந்தின் பெயரைச் சொல்ல எனக்குத் தெரியாது. சொல்பவர்களையும் நம்பாதீர்கள் என்றே சொல்வேன். ஏன் அப்படி என்பதை விளக்க, எங்கள் வளாகத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சற்று நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் தொடரலாம்.

முதலில் செடியைப் பற்றி. வட இந்தியாவில் எந்தக் கல்வி வளாகத்திற்குச் சென்றாலும், எந்த அரசு அலுவலகத்தின் நடைபாதையில் நடந்தாலும், இடுப்புயரத்தில் முட்டை வடிவாக நிற்கும் பசிய புதர்களைக் காணலாம். அதுதான் மோர்பங்கி. மயில் தோகை போன்றது என்று பொருள். நம் ஊர் நாற்றுப்பண்ணைகளில் தூஜா என்பார்கள். 1753இல் லின்னேயஸ் இதற்குத் தூஜா ஓரியண்டாலிஸ் என்று பெயரிட்டார். 1949இல் பிராங்கோ என்னும் தாவரவியலாளர் இதைப் பிளாட்டிகிளாடஸ் என்னும் பேரினத்திற்கு மாற்றினார். அறிவியல் பெயர் மாறி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாற்றுப்பண்ணைகளில் பழைய பெயரே வழங்குகிறது. சீனமும் கொரியாவும் இதன் தாயகம். இலைகள் ஊசிகளாக இல்லாமல் செதில்களாகத் தண்டோடு ஒட்டியிருக்கும். அச்செதில்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து செங்குத்தாக நிற்கும் விசிறிகளாகின்றன. இங்குள்ள பிள்ளைகள் இவ்விசிறியில் ஒன்றைக் கிள்ளிப் பாடப் புத்தகத்துள் வைத்துக்கொண்டால் படிப்பு வரும் என்று நம்புவார்கள். ‘வித்யா’ செடி என்றொரு பெயரும் அதற்கு உண்டு. மயிலிறகைப் புத்தகத்துள் வைத்து அது குட்டி போடும் என்று காத்திருந்த நமக்கு இந்த நம்பிக்கை அயலானதன்று.

என்றும் பசுமையான செடி என்கிறோம். இச்சொல் பலரை ஏமாற்றிவிடுகிறது. பசுமையாக இருப்பது செடியே ஒழிய, ஒவ்வோர் இலையும் அன்று. இலையுதிர் மரத்தின் இலை ஒரு பருவம் வாழ்கிறது. இச்செடியின் இலை இரண்டு மூன்று ஆண்டுகள் வாழ்கிறது. அவ்வளவே வேறுபாடு. இலைகள் எல்லாம் ஒரே நாளில் உதிராமையால் செடி வெறுமையாவதில்லை. ஆனால் மூத்த இலைகள் முறைவைத்துச் சாகத்தான் செய்யும். அவை செடியின் உட்பகுதியில் இருப்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை. படும்போது அஞ்சுகிறோம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வளாகத்தில் ஓர் ஆய்வகக் கட்டடத்தின் தெற்குச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்தில் ஒரு பாத்தி. அதில் ஒரே வரிசையில் 46 மோர்பங்கிச் செடிகள். சென்ற ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அவற்றுள் பத்தொன்பது பழுப்பாகிவிட்டன என்று தோட்டப் பராமரிப்பை ஒப்பந்தம் எடுத்தவரின் மேற்பார்வையாளர் கணக்கெடுத்தார். தண்ணீர் ஒழுங்காக ஊற்றப்படவில்லை என்பது அவருடைய முடிவு. செடிக்கு இருநூறு ரூபாய் வீதம் 3,800 ரூபாய், அப்பகுதியைக் கவனித்துவந்த தோட்டக்காரரின் அம்மாதச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. காய்ந்த செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதியன நடவேண்டும் என்றும், மேலும் காய்ந்தால் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றும் பேச்சு இருந்தது.

அவர் பீகாரின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் அவரைச் சாச்சா என்று அழைப்பேன். அவர் என்னைப் பிட்டியா என்பார். மகளே என்று பொருள். என் ஆய்வுக்கான தொட்டிச் செடிகளுக்கு மண் கலந்து தருவதில் மூன்றாண்டுகளாக எனக்கு உதவிவருபவர். சம்பளம் குறைந்த செய்தியை அவராக என்னிடம் சொல்லவில்லை. “பிட்டியா, செடிக்கு என்ன வந்தது என்று பார்த்துச் சொல்லு. நான் தண்ணீர் ஊற்றாமல் இல்லை” என்று மட்டும் கேட்டார். பணம் பற்றி மற்றொரு தொழிலாளி சொல்லித்தான் அறிந்தேன்.

மேற்பார்வையாளரின் முடிவு மேலோட்டமாகப் பார்த்தால் பொருந்தக்கூடியதே. செப்டம்பரில் இரண்டு வாரம் மழை இல்லை, வெயில் கடுமை, அந்த இரண்டு வாரத்தில்தான் செடிகள் பழுப்பாயின. வெயிலும் வறட்சியும் இருந்தபோது காய்ந்த செடி தண்ணீரின்றிக் காய்ந்தது என்று எண்ணுவது எளிது. ஆனால் கூம்புத் தாவரங்களை அறிந்தவர்கள் இங்கே ஒரு கணம் தயங்குவார்கள். கிறிஸ்துமஸுக்கு வெட்டிவைத்த மரம் வேரே இல்லாமல் வாரக்கணக்கில் பசுமையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உயிர் போன பின்னும் நிறம் போவதற்கு நாளாகும். தக்காளிச் செடி காலையில் துன்புற்றால் மாலையில் தலை சாய்த்துச் சொல்லிவிடும். மோர்பங்கி அப்படியன்று, அது தன் துன்பத்தைப் பல வாரங்கள் கழித்தே சொல்லும். ஆகையால், பழுப்பு தோன்றிய வாரத்தில் என்ன நடந்தது என்று கேட்பது போதாது. அதற்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பு என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அதற்கு விடை சொல்லக்கூடியவர் அச்செடிகளை நாள்தோறும் பார்த்தவர் ஒருவரே. அவரைத்தான் யாரும் கேட்கவில்லை.

ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை காலை சாச்சாவும் நானும் அந்த வரிசையின் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைவரை நடந்தோம். செடிகளுக்கு எண்ணிட்டேன். எது எங்கே பழுத்திருக்கிறது, உள்ளிருந்தா வெளியிலிருந்தா, மேலிருந்தா கீழிருந்தா என்று ஒவ்வொன்றாகக் குறித்தோம். நோயறிதலின் முதற்படி நுண்ணோக்கி அன்று, இந்த வரைபடமே. உயிரியல் காரணங்கள் பெரும்பாலும் ஒழுங்கற்றுப் பரவும். ஒரு செடியில் தொடங்கி அக்கம்பக்கம் தாவும். மனிதர் செய்த காரணங்களோ நேர்கோட்டில் வரும். சுவரோடும் குழாயோடும் கட்டுமானத்தோடும் ஒட்டியிருக்கும். நடந்து முடித்தபோது, அந்தப் பத்தொன்பதும் ஒரே கூட்டம் அல்ல என்பது தாளிலேயே தெரிந்தது. மூன்று கூட்டங்கள்.

முதற்கூட்டத்தில் மூன்று செடிகள். வரிசையின் நடுவே சிதறியிருந்தன. அவற்றின் வெளிப்புற விசிறிகள் நல்ல பச்சை. நுனிகளில் புதுத்தளிர். புதரைக் கைகளால் விலக்கிப் பார்த்தால் மட்டும் உட்புறம் முழுவதும் காய்ந்த செதில்கள். தொட்டால் உதிர்ந்தன. இது நோயே அன்று. வெளிச்சம் படாத மூத்த இலைகளைச் செடி கைவிடும் இயற்கை நிகழ்வு. அடுத்த செடிகளிலும் இதே நிலைதான். இம்மூன்றில் கிளைகள் சற்றே விரிந்து உட்புறம் வெளியே தெரிந்தமையால் எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டன. அறுநூறு ரூபாய் இந்த மூன்றுக்காகப் பிடிக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் கூட்டத்தில் ஐந்து செடிகள்; அடுத்தடுத்து நின்றன. இவற்றில் பழுப்பு சுவரை நோக்கிய பக்கத்தில் மட்டும். முழுப் பழுப்பாகவும் இல்லை; தூசி படிந்தாற்போல் வெளிறி, உற்றுப் பார்த்தால் ஊசியால் குத்திய எண்ணற்ற மஞ்சள் புள்ளிகள். செதில்களுக்கிடையே மெல்லிய நூலாம்படை. தலைக்கு மேலே பார்த்தேன். ஆய்வகக் குளிர்சாதனப் பெட்டிகளின் வெளிப்புற அலகுகள் நான்கு, வெப்பக்காற்றை நேரே இவ்வைந்து செடிகளின் மேல் ஊதிக்கொண்டிருந்தன. ஒரு வெள்ளைத் தாளைக் கிளையின் கீழே பிடித்து, கிளையை இருமுறை தட்டினேன். தாளில் விழுந்த மிளகுப்பொடி போன்ற துகள்களில் சில மெல்ல நகரத் தொடங்கின. சிலந்திப்பேன்கள். சூடும் வறட்சியும் இவற்றுக்கு விருந்து. மழையும் ஈரமும் பகை. மழைக்காலத்திலும் நனையாத, எந்நேரமும் அனல் வீசும் ஓரிடத்தை நாமே இவற்றுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம்.

மூன்றாம் கூட்டமே பெரிது. மேற்கு முனையில் வரிசையாகப் பதினொன்று. இவற்றில் பழுப்பு உள்ளிருந்தும் இல்லை, ஒரு பக்கத்திலும் இல்லை. செடி முழுவதுமே முதலில் ஒளியிழந்து, மங்கிய சாம்பற்பச்சையாகி, பின் வைக்கோல் நிறமாகியிருந்தது. சாச்சா நின்றார். “இங்கேதான் முதலில் தொடங்கியது” என்று கடைசியிலிருந்து மூன்றாவது செடியைக் காட்டினார். “மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் தேங்கும். முன்பெல்லாம் தேங்காது. மே மாதம் நடைபாதைக்குக் கல் பதித்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகுதான். அப்போதே சொன்னேன்.”

குனிந்து பார்த்தால் எல்லாம் விளங்கியது. நடைபாதையைச் சீரமைத்தபோது பாத்தியின் ஓரத்தில் அரையடி உயரத்திற்குக் காங்கிரீட் விளிம்பு கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் கட்டடச் சுவர், மறுபக்கம் இந்த விளிம்பு. தரை மேற்கு நோக்கிச் சரிவு. மழைநீர் முழுவதும் ஓடிவந்து மேற்கு முனையில் நிற்கும். வெளியேற ஒரு துளைகூட இல்லை. பாத்தி தொட்டியாகிவிட்டது, அத்தொட்டிக்கு அடியில் ஓட்டை இல்லை.

அச்செடிகளில் ஒன்றின் அடியில் ஒரு சாண் ஆழம் தோண்டினோம். மேலே அரையங்குலம் பொருக்கு வெடித்த உலர்மண். கீழே பிழிந்தால் நீர் சொட்டும் களி. அழுகிய முட்டையின் நாற்றம் மெலிதாக வந்தது. காற்றற்ற மண்ணின் மணம் அது. ஒரு வேரை எடுத்து விரல்களுக்கிடையே இழுத்தேன். வெளித்தோல் உறைபோல் கழன்று கையோடு வந்தது. உள்ளே நூல்போன்ற நடுத்தண்டு மட்டும் மிஞ்சியது. நலமான செடியின் வேர்நுனி வெண்மையாக, உறுதியாக இருக்கும். கிழக்கு முனையில் தோண்டிப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது.

இங்கே ஒரு கொடிய முரண் இருக்கிறது. வேருக்கும் மூச்சு வேண்டும். நீரில் மூழ்கிய மண்ணில் உயிர்வளி இல்லை; வேர் சாகிறது. வேர் செத்தபின் சுற்றிலும் எவ்வளவு நீர் இருந்தாலும் உறிஞ்ச ஆளில்லை. ஆகவே, நீரில் மூழ்கிச் சாகும் செடியும் நீரின்றிச் சாகும் செடியும் மேலே பார்க்க ஒன்றுபோலவே வாடும். பார்ப்பவர், “காய்கிறது, தண்ணீர் ஊற்று” என்பார். அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் மேற்பார்வையாளர் சொற்படி சாச்சா காலையும் மாலையும் குழாய் பிடித்து அந்த முனைக்கு மட்டும் கூடுதலாக நீர் பாய்ச்சியிருந்தார். செடியைக் கொன்ற நீரை ஊற்றச்சொல்லி, அந்நீரை ஊற்றவில்லை என்று சம்பளத்தையும் பிடித்தார்கள்.

வேரழுகலில் பெரும்பாலும் ஒரு கூட்டாளியும் இருக்கும். மண்ணை ஆய்வகத்துக்கு எடுத்துச்சென்று, நீரில் மூழ்கவைத்து, மேலே இலைத்துண்டுகளைத் தூண்டிலாக மிதக்கவிட்டேன். சில நாட்களில் அத்துண்டுகளின் விளிம்பில், நுண்ணோக்கியின் கீழ், எலுமிச்சை வடிவ வித்துப்பைகள் தெரிந்தன. பைட்டோப்தோரா. கிரேக்க மொழியில் தாவரத்தை அழிப்பது என்று பொருள். 1876இல் ஆன்டன் டி பாரி வைத்த பெயர். 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தின் உருளைக்கிழங்கு நோய் இக்குடும்பத்தின் வேலையே. இந்தியாவில் பூசாவிலிருந்து பணியாற்றிய எட்வின் பட்லர், கோதாவரிக் கழிமுகத்துப் பனைகளை அழித்த குருத்தழுகலுக்குக் காரணமான உயிரியை 1907இல் விவரித்தார். அதுவும் இப்பேரினத்தில்தான் இன்று வைக்கப்பட்டிருக்கிறது. பூஞ்சைபோல் தோன்றினாலும் இவை உண்மையான பூஞ்சைகள் அல்ல. பழுப்புக் கடற்பாசிகளுக்கு நெருங்கிய உறவு. நீரில் நீந்தும் வித்துகள் இவற்றுக்கு உண்டு. அதனால் தேங்கிய நீர் இவற்றுக்கு நெடுஞ்சாலை. அதனாலேயே, பொதுவான பூஞ்சைக்கொல்லிகள் பல இவற்றிடம் செல்லுபடியாவதில்லை.

ஆனாலும் என் அறிக்கையில், “காரணம் பைட்டோப்தோரா” என்று நான் எழுதவில்லை. தாவர நோயியல் மாணவர் எவரும் முதலாண்டில் படிப்பது நோய் முக்கோணம்: ஏமாறக்கூடிய செடி, தாக்கக்கூடிய உயிரி, இடங்கொடுக்கும் சூழல். மூன்றும் கூடினால்தான் நோய். இவ்வுயிரி கிழக்கு முனை மண்ணிலும் கொஞ்சம் இருந்தது. அங்கே செடிகள் நலமாகவே இருந்தன. செடியும் அதே செடி. மாறியது சூழல் ஒன்றே. அதை மாற்றியது ஒரு காங்கிரீட் விளிம்பு. இலத்தீன் பெயரை முன்னால் போட்டிருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும். நுண்ணுயிரியின் மேல் பழியைப் போட்டு, ஒரு மருந்தைத் தெளித்துவிட்டு, விளிம்பை அப்படியே விட்டிருப்பார்கள். அடுத்த மழைக்குப் புதிய செடிகள் சாகும். இன்னொருவர் சம்பளம் குறையும்.

இரண்டு பக்க அறிக்கை. வரைபடம், வேர்களின் படங்கள், செய்யவேண்டியவற்றின் பட்டியல். என் நெறியாளர் கையொப்பமிட்டுப் பொறியியல் பிரிவுக்கும் தோட்டப் பிரிவுக்கும் அனுப்பினார். நவம்பரில் வேலை நடந்தது. என்ன செய்தோம் என்பதை விரிவாகவே எழுதுகிறேன், பலருக்குப் பயன்படலாம்.

உட்புறம் உதிர்ந்த மூன்றுக்கும் ஒன்றும் செய்யவில்லை. காய்ந்த செதில்களைக் கையால் உலுக்கி எடுத்தோம். காற்று உள்ளே போக அது உதவும். ஒன்றும் செய்யாதிருப்பதும் ஒரு சிகிச்சைதான். அதைப் பரிந்துரைக்கத்தான் துணிவு அதிகம் வேண்டும்.

பேன் பிடித்த ஐந்துக்கும் முதல் மருந்து தண்ணீர். குழாயின் வாயை விரலால் அழுத்தி, விசையாகப் பீய்ச்சி, செதில்களின் இடுக்குகள் வரை கழுவினோம். முட்டைகள் பொரித்து வந்துகொண்டேயிருக்கும் என்பதால் மூன்று நாட்களுக்கு ஒருமுறை, மூன்று வாரங்கள். இடையில் இருமுறை, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலில் கலந்து, மாலை வேளையில் தெளித்தோம்; அதற்கு முன் ஒரு சிறு கிளையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டோம். கடையில் கிடைக்கும் பொதுவான பூச்சிக்கொல்லியை வாங்கி அடிக்காதீர்கள். பேன் எட்டுக்கால் உயிரி, பூச்சியன்று. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகள் பேனை உண்ணும் நன்மை செய்யும் உயிரிகளைக் கொன்று, பேனைப் பெருக்கிவிடும். இவை யாவற்றுக்கும் மேலாக, வெப்பக்காற்று மேல்நோக்கிப் போகும்படி அலகுகளின் முன்னே தகடு பொருத்தினார்கள். அது இல்லையேல் மற்றதெல்லாம் வீண்.

பதினொன்றுக்கும் முதலில் உயிர்ச்சோதனை. நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்தால், தோலுக்கடியில் ஈரமான பச்சை இருந்தால் உயிருண்டு. உலர்ந்த பழுப்பானால் இல்லை. நுனியில் தொடங்கி அடிவரை கீறிக்கொண்டு வர வேண்டும். நான்கு செடிகள் அடிவரை செத்திருந்தன. அவற்றை மண்ணோடு அகற்றினோம். அம்மண்ணை வேறு பாத்தியில் இடவில்லை. ஏழில் உயிர் இருந்தது. விளிம்பின் அடியில் மூன்றடிக்கு ஒன்றாகத் துளையிட்டு நீர் வடிய வழி செய்தார்கள். தண்டைச் சுற்றிக் குவிந்திருந்த மண்ணை விலக்கி, வேர் தொடங்கும் கழுத்துப்பகுதி வெளியே தெரியும்படி செய்தோம். முற்றிலும் காய்ந்த கிளைகளை மட்டும் வெட்டினோம். மெட்டலாக்சில் கலந்த மருந்தை ஒருமுறை மண்ணில் ஊற்றினோம். வடிகாலுக்குப் பிறகே, முன்பு அன்று. பின் நீர் பாய்ச்சுவதை நிறுத்தினோம். இரண்டங்குல ஆழத்தில் விரலை விட்டுப் பார்த்து, மண் உலர்ந்திருந்தால் மட்டும் நீர்.

வெட்டுவது பற்றி ஒரு சொல். செம்பருத்தியை முழங்கால் உயரத்திற்கு வெட்டிவிட்டாலும் அது துளிர்த்துவிடும். மோர்பங்கி துளிர்க்காது. இலையற்ற பழைய கட்டையிலிருந்து புதிய மொட்டு விடும் ஆற்றல் இதற்குக் கிட்டத்தட்ட இல்லை. பச்சை உள்ள இடத்திற்கு வெளியேதான் கத்தரி போக வேண்டும். பழுப்பை நீக்குகிறேன் என்று உட்கட்டை வரை கவாத்து செய்தால், அந்தப் பள்ளம் அப்படியே நிற்கும். அதேபோல், முற்றாகப் பழுத்த செதில் எந்த மருந்தாலும் மீண்டும் பச்சையாகாது. சிகிச்சை வென்றதா என்பதைப் பழைய இலையில் தேடாதீர்கள், புதுத்தளிரில் தேடுங்கள்.

எங்கள் வரிசையில் இல்லாத காரணங்களும் உண்டு. டிசம்பர், சனவரி மாதங்களில் செடி முழுவதும் செங்கபிலமாகி, வெயில் பக்கத்தில் நிறம் மிகுந்திருந்தால் அஞ்ச வேண்டாம். குளிரில் ரோடோசாந்தின் என்னும் நிறமி சேர்வதால் வரும் மாற்றம் அது, வேனிலில் மறையும். நுனிகள் மட்டும் ஒரே சீராகக் கருகி, மண்மேல் வெண்பொருக்குப் படிந்திருந்தால் உப்புநீரை ஐயுறுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு மூன்று டெசிசீமன்ஸைத் தாண்டினால் அந்நீர் பெரும்பாலான செடிகளுக்கு ஆகாது. தரையோரம் ஒரு பக்கத்தில் மட்டும், அதுவும் தெருமுனைச் செடியில் மட்டும் கருகினால், அது தெருநாயின் கைவண்ணம். ஒரே ஒரு கிளை மட்டும் காய்ந்தால் அதன் அடியில் காயமோ, பிளவோ, கட்டிய கம்பியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

மார்ச்சில் மீண்டும் எண்ணினோம். மூன்றும் நலம். ஐந்தும் புதுத்தளிர் விட்டிருந்தன. ஏழில் ஐந்து பிழைத்தன. இரண்டு மேலும் நலிந்து இறந்தன. ஆக, பத்தொன்பதில் பதின்மூன்று உயிரோடிருந்தன. இவற்றை அக்டோபரிலேயே பிடுங்கி எறிந்திருப்பார்கள்.

பணம் முழுவதும் திரும்பவில்லை. மூன்றும் ஐந்துமாக எட்டுச் செடிகளுக்குப் பிடித்த 1,600 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். பதினொன்றுக்குப் பிடித்த 2,200 ரூபாய் தரப்படவில்லை. அப்பதினொன்றில்தான் அவருடைய பொறுப்பு ஒரு துளியும் இல்லை என்பது தாளிலும் மண்ணிலும் தெளிவாக இருந்தது. ஆனால் அத்தொகையைத் திருப்பித் தருவது, விளிம்பு கட்டியதில் தவறு நேர்ந்தது என்று ஒப்புக்கொள்வதாகும். விளிம்பில் துளையிட ஒப்புக்கொண்டவர்கள், துளை ஏன் தேவைப்பட்டது என்பதை எழுத்தில் ஏற்க ஒப்பவில்லை. இருமுறை நினைவூட்டல் அனுப்பினோம். கணக்கு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. சாச்சாவின் வேலை போகவில்லை. செடி காய்ந்தால் சம்பளம் பிடிக்கும் வழக்கம் எங்கள் பகுதியில் நின்றது. “வேலை இருக்கிறது, செடியும் இருக்கிறது. விடு பிட்டியா” என்றார் அவர். எனக்கு விட முடியவில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. என் அறிக்கையின் முதன்மையான வரி, “நடைபாதைப் பணிக்குப் பின் மேற்கு முனையில் நீர் தேங்குகிறது” என்பது. அதை நான் கண்டுபிடிக்கவில்லை. சாச்சா சூலை மாதத்திலேயே கண்டு, மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகச் சொல்லியுமிருந்தார். அப்போது ஒரு கடப்பாரையும் அரைநாள் வேலையும் போதுமாயிருந்தன; ஒரு செடியும் செத்திராது. அதே வரி நான்கு மாதம் கழித்து, அச்சிட்ட தாளில், ஓர் இலத்தீன் பெயரின் துணையோடும் ஒரு பேராசிரியரின் கையொப்பத்தோடும் போனபோதுதான் உண்மையாயிற்று. நான் செய்த ஆய்வு அவ்வரிக்குச் சான்று சேர்த்தது, அதை மறுக்கவில்லை. வேரை உரித்துப் பார்த்ததும் தூண்டில் இட்டதும் தேவையானவையே. ஆயினும் நோயறியும் கலையின் பெரும்பகுதி, செடியோடு நாள்தோறும் இருப்பவரைக் கேட்பதுதான். பட்லரும் அவருடைய காலத்தவரும்கூட உழவர் சொன்ன வரிசையில்தான் வயலைப் பார்த்திருக்க வேண்டும். எது முதலில் வந்தது என்பதை நுண்ணோக்கி சொல்லாது.

எனவே நண்பர்களே, அடுத்தமுறை எனக்குப் படம் அனுப்பும்போது சில செய்திகளையும் சேர்த்து அனுப்புங்கள். பழுப்பு உள்ளிருந்து வருகிறதா, நுனியிலிருந்தா, ஒரு பக்கத்திலா, முழுவதுமா? வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்தீர்களா? விரலை மண்ணுக்குள் விட்டபோது ஈரம் எப்படி இருந்தது? தொட்டியின் அடித்துளை அடைபடாமல் இருக்கிறதா? கீறினால் பச்சை தெரிகிறதா? இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பு என்ன மாறியது: இடமா, மண்ணா, நீரா, பக்கத்தில் ஒரு கட்டுமானமா? உங்கள் வீட்டில் அச்செடிக்கு நீர் ஊற்றுபவர் வேறொருவர் என்றால், அவரிடமே இவற்றைக் கேளுங்கள். குற்றஞ்சாட்டும் குரலில் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். அவ்விடைகளோடு வந்தால் மருந்தின் பெயரை நான் சொல்கிறேன். பெரும்பாலும் அதற்குத் தேவையே இராது.